விலங்கு பராமரிப்பு வகுப்பை வைத்து இணையச் சித்திரக்கதை வரைகிறேன்: ஆட்டைப் பேச விடலாமா?

வாவிக்கரை (கல்லடி)

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரத்தில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் படித்தேன். பாடசாலைக்குப் பின்பக்கம் ஓர் ஆட்டுக் கொட்டிலும் கோழிக்கூடும் இருந்தன. ஆய்வுகூட மூலையில் முட்டை பொரிக்க வைக்கும் சின்ன இன்கியுபேட்டர். பாடப்புத்தகத்தில் படித்ததைவிட அந்தக் கொட்டிலில் நாங்கள் படித்தது அதிகம். அதைத்தான் இப்போது சித்திரக்கதையாக வரைகிறேன். போனில் மேலிருந்து கீழே தள்ளித் தள்ளி வாசிக்கும் வகை.

கதை 2022 மார்ச்சில் தொடங்குகிறது. அந்த மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள், ஞாபகம் இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் வகுப்பில் முட்டை வைக்கிறார்கள். கோழி முட்டை பொரிக்க 21 நாள். பெட்டிக்குள் 37.5 பாகைக்குக் கிட்ட வெப்பம் குறையாமல் நிற்க வேண்டும். நாலு பிள்ளைகள் முறை வைத்து அந்த முட்டைகளை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதுதான் முதல் பாகம். வில்லன் கிடையாது. காதலும் இப்போதைக்கு இல்லை.

வரைந்ததைப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஆட்டையும் கோழியையும் பேச விடு, அப்பதான் சனம் வாசிக்கும்." எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆடு பேசாது என்பதால்தான் அதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. காது தொங்கியிருக்கிறதா, அசை போடுகிறதா, புழுக்கை உருண்டையாக விழுகிறதா அல்லது இளகிப் போகிறதா என்று ஒரு பிள்ளை குனிந்து பார்க்கிறதே, அதுதான் என் கதை. ஆடே வாய் திறந்து "எனக்கு வயிறு சரியில்லை" என்று சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளைக்குக் கதையில் என்ன வேலை?

இங்கே வரைகிறவர்களும் இருக்கிறீர்கள், மாடு கன்றோடு வளர்ந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கதைப்பித்தன் (அக்கரைப்பற்று)

வாழ்த்துகள் தங்கச்சி. ஆனால் நான் உங்கள் நண்பர்கள் பக்கம். அம்மம்மா சொன்ன கதைகளில் காகமும் நரியும் ஆமையும் பேசித்தான் நாம் வளர்ந்தோம். விலங்கு பேசியதால் யாருக்கும் விலங்கின் மேல் அன்பு குறையவில்லை.

இன்னொன்று, போனில் வாசிக்கிறவருக்குப் பொறுமை குறைவு. தொடங்கிய உடனேயே ஒரு முகம் அவரோடு பேச வேண்டும். ஓர் ஆட்டுக்குட்டி தலையை நீட்டி "இண்டைக்கும் கரண்ட் இல்லையா?" என்று கேட்டால் நான் நின்று வாசிப்பேன். நாலு பிள்ளைகள் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நிற்பதை எத்தனை பேர் வாசிப்பார்கள் என்று யோசியுங்கள்.

படுவான்கரையான் (கொக்கட்டிச்சோலை)

கதைப்பித்தன் அண்ணே, அந்தக் கதைகளில் நரிக்கு நரியின் வேலை எதுவும் இல்லையே. தந்திரக்கார மனிசன் ஒருவனுக்கு நரி என்று பேர் வைத்திருப்பார்கள். நரி எங்கே குட்டி போடும், எதைத் தின்னும் என்று அந்தக் கதையைக் கேட்ட பிள்ளைக்குத் தெரியாது. தங்கச்சி வரையப் போவது வேறு சாமான். பேச வேண்டாம் என்பதுதான் என் கட்சியும்.

எங்கள் வீட்டில் மாட்டுப் பட்டி இருக்கிறது. அதனால் வரையும்போது கவனிக்க வேண்டிய சிலதைச் சொல்கிறேன். படங்களில் மாடு எழும்புவதை முன்காலை ஊன்றி எழும்புவதாக வரைந்துவிடுகிறார்கள். அது குதிரை எழும்பும் விதம். மாடு முதலில் பின்பக்கத்தைத் தூக்கும். அப்போது முன்னங்கால் இரண்டும் மடிந்தபடி நிலத்தில் இருக்கும். பிறகுதான் முன்பக்கம் எழும்பும். படுக்கும்போது முன்காலைத்தான் முதலில் மடிக்கும்.

அடுத்தது பல். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேல்தாடையில் முன்பல் இல்லை, தடித்த முரசு மட்டும்தான். சிரிக்கிற மாட்டுக்கு வரிசையாக மேற்பல் வரைந்திருப்பதைப் பார்த்தாலே எனக்கு அதற்கு மேல் கதைக்குள் போக மனம் வராது. எருமைக் கொம்பும் அப்படித்தான். பசுவுக்கு வரைகிற கொம்பையே கறுப்பு மாட்டின் தலையில் வைத்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து எருமைக்கு அது பின்னுக்குச் சாய்ந்து வளைந்து போகும்.

ஆட்டின் கண்மணி வட்டமில்லை, கிடையாக நீண்டிருக்கும். ஆடு தலையைக் குனிந்து மேயும்போதும் அந்தக் கிடைக்கோடு நிலத்துக்குச் சமாந்தரமாகவே நிற்கும். தலை குனியக் குனிய கண் உள்ளே சுழன்று கொடுக்கும். இந்த ஒன்றைச் சரியாக வரைந்தாலே போதும், ஆடு வளர்க்கிறவன் கதையை விட்டுப் போகமாட்டான்.

வாவிக்கரை

படுவான்கரையான் அண்ணா, மிக்க நன்றி. ஆட்டின் கண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு வரிசை வரைந்து பார்த்து வைத்திருக்கிறேன். நிமிர்ந்த தலை, பாதி குனிந்த தலை, மேய்கிற தலை என்று.

எனக்கு மிகவும் பிடித்தது தீன் போடும் காட்சி. ஆடு நிலத்தில் கிடப்பதை லேசில் தின்னாது. பலாக்குழையையோ பூவரசங்குழையையோ கட்டித் தொங்கவிட்டால் இரண்டு காலில் எழும்பி நின்று இழுத்துத் தின்னும். அதைப் போனின் முழு உயரத்துக்கும் வரையலாம். மேலே குழையைப் பிடித்த உதடு, தள்ளிக்கொண்டு போனால் கழுத்து, பிறகு வயிறு, கடைசியில் பின்னங்கால். இந்த வடிவத்துக்கென்றே ஆடு இப்படி நிற்கிறதோ என்று தோன்றும்.

முட்டைப் பகுதியில் எனக்கு விவரம் இன்னும் வேண்டும். கரண்ட் போனால் வகுப்பில் நாங்கள் செய்தது தெரியும். அதன் காரணங்களைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பழைய தடுப்பூசிக்காரர் (செங்கலடி)

மகள், கால்நடை அலுவலகத்தில் களவேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கேட்டதில் சந்தோசம்.

கரண்ட் போன உடனே எல்லாப் பிள்ளைகளும் செய்வது மூடியைத் திறந்து பார்ப்பது. திறந்தால் உள்ளே இருக்கிற சூடும் ஈரமும் போய்விடும். திறக்காமல் மேலே சாக்கோ கம்பளியோ போர்த்த வேண்டும், காற்றுத் துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது. நேரம் நீண்டால் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, துணி சுற்றி, முட்டையில் முட்டாமல் உள்ளே வைக்கலாம்.

இப்போது கதைக்குத் தேவையான விசயம். குளிரைவிடச் சூடுதான் முட்டைக்கு ஆபத்து. அடைக்கோழியும் இரை தின்ன, தண்ணீர் குடிக்க எழும்பித்தானே போகிறது? கொஞ்ச நேரம் ஆறினாலும் கரு தாங்கும். வளர்ந்த கரு தானே வெப்பமும் உண்டாக்கும். ஆனால் 40 பாகையைத் தாண்டிப் போனால் சீக்கிரம் செத்துவிடும். ஆகவே வாசிக்கிறவன் பயப்பட வேண்டிய இடம் கரண்ட் போன கட்டம் இல்லை. பயந்துபோன பிள்ளை ஒன்று, பாசத்தில், சுடுதண்ணீர்ப் போத்தலைக் கூடுதலாக வைக்கிறதே, அந்தக் கட்டம்தான்.

ஏழாம் நாள் இருட்டில் டோர்ச் வெளிச்சத்தை முட்டைக்குப் பின்னால் பிடித்தால் சிவப்பு நரம்புகள் பரவியிருப்பது தெரியும். கரு பிடிக்காத முட்டை வெறுமையாக வெளிச்சம் விடும். 18ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் திருப்பக் கூடாது, ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். குஞ்சு ஓட்டைக் கொத்தத் தொடங்கி வெளியே வர ஒரு பகலும் ஓர் இரவும்கூட ஆகும். பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்குக் கை துறுதுறுக்கும். ஓட்டை உரித்து உதவப் போனால், ஓட்டின் உட்தோலில் இரத்தம் இன்னும் வற்றாமல் இருக்கலாம், கசிந்து குஞ்சு செத்துப்போகும். மஞ்சட்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் குஞ்சு வெளியே வருகிறது. அதனால் இரண்டு நாள் தீன் இல்லாமலும் சமாளிக்கும். அவசரம் நமக்குத்தான்.

பொரித்த பிறகு முதல் கிழமை 35 பாகைக்குக் கிட்ட, பிறகு கிழமைக்கு மூன்று பாகை வரை குறைக்கலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சைப் பார்த்தே சொல்லலாம். விளக்கடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு விட்டால் சூடு. பரவலாகக் கிடந்து தூங்கினால் சரி. இதற்கு ஒரு சொல்லும் தேவையில்லை, படம் போதும். நானும் பேச விடாதே என்றுதான் சொல்வேன்.

கோடும்புள்ளியும் (கல்முனை)

நான் வரைகிற ஆள், அதனால் விலங்கை விட்டுவிட்டு வடிவத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்த மேலிருந்து கீழே வாசிக்கும் வகை 2000களின் தொடக்கத்தில் தென் கொரியாவில் வளர்ந்தது. இதில் பக்கம் என்று ஒன்று இல்லை. இரண்டு கட்டங்களுக்கு நடுவில் விடுகிற வெற்றிடம்தான் நேரம். குறைவாக விட்டால் அடுத்த நொடி, நிறைய விட்டால் அடுத்த நாள். ஐயா சொன்ன அந்த ஒரு பகலும் ஓர் இரவும் உங்களுக்குக் கிடைத்த வரம். முதல் கொத்து விழுந்ததைக் காட்டிவிட்டு, வாசிக்கிறவர் விரல் ஓயும் அளவுக்கு இறங்க விடுங்கள். இடையில் முட்டை மட்டும், யன்னல் வெளிச்சம் மாறிக்கொண்டே போகட்டும். ஒரு பிள்ளை கையை நீட்டுகிறது, இன்னொரு பிள்ளை அந்தக் கையைப் பிடிக்கிறது. அவ்வளவுதான். காத்திருப்பதை வாசிக்கிறவரும் காத்திருந்தே தெரிந்துகொள்வார். அச்சுப் புத்தகத்தில் இதைச் செய்ய எனக்கு வழி தெரியவில்லை.

அளவு: 800 பிக்சல் அகலம், ஒரு துண்டு 1280 பிக்சல் உயரம் என்று வெட்டிப் போடுவது பரவலான வழக்கம். நீங்கள் 1600 அகலத்தில் வரைந்து கடைசியில் பாதியாக்குங்கள், கோடு சுத்தமாக வரும். எழுத்தின் அளவை கம்பியூட்டர் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போனுக்கு அனுப்பி, கையை நீட்டிப் பிடித்து வாசித்துப் பாருங்கள்.

தமிழ் எழுத்து: சில வரைதல் செயலிகளில் "கொ" என்று தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிப் பிரிந்து நிற்கும். கிரிட்டா பாவிக்கிறீர்கள் என்றால் 2023இல் வந்த 5.2 பதிப்போ அதற்குப் பிந்தியதோ எடுங்கள். அதில் எழுத்துப் பகுதியைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள். அல்லது படத்தை எங்கே வரைந்தாலும் எழுத்தை மட்டும் இங்க்ஸ்கேப்பில் போடலாம். எழுத்துருவுக்கு கவிவனார், பவனம் இரண்டையும் பாருங்கள். இரண்டையும் செய்தவர் நம் நாட்டு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ். கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகக் கிடைக்கும். கவிவனார் கொஞ்சம் சாய்ந்து கையெழுத்துச் சாயலில் இருக்கும், பிள்ளைகளின் பேச்சுக்குப் பொருந்தும். கத்துகிற இடத்துக்கு பலூ தம்பி என்ற எழுத்துரு நல்ல தடிப்பு.

முக்கியமானது, பேச்சை முதலில் எழுதி, குமிழியைப் பிறகு வரையுங்கள். குமிழியை வட்டமாக வரைந்துவிட்டுத் தமிழை அதற்குள் அடைக்கப் பார்த்தால், நீளச் சொற்கள் நடுவில் முறிந்து வாசிக்கவே முடியாது. பேச்சு நம் ஊர்ப் பேச்சாக இருக்கட்டும், அது குறுகியும் வரும்.

சம்மாந்துறை ராத்தா

எல்லோரும் எழுதியதை வாசித்தேன், சந்தோசமாக இருக்கிறது. என் மகள் ஆறாம் வகுப்பு, இப்படி ஒன்று வந்தால் நானே அவளுக்கு வாசிக்கக் கொடுப்பேன். எனக்கு இரண்டு கவலை.

கொட்டிலில் எல்லாம் பிழைப்பதில்லை. சாவு வருமா? வந்தால் எப்படிக் காட்டப் போகிறீர்கள்? மறைக்கச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஆடு வரும், பிள்ளைகள் அதற்குக் குழை கொடுப்பார்கள், பிறகு அது குர்பானுக்குப் போகும். அவர்களுக்கு அது விளங்கும். ஆனால் வளர்க்கிற மிருகம் ஏன் செத்தது என்று சொல்லாமல், அழ வைக்க மட்டும் ஒரு சாவை வைத்தால் பிள்ளைகளுக்கு அது பாரம்.

மற்றது உங்களோடு படித்த பிள்ளைகள். அவர்களிடம் கேட்டீர்களா? ஊர் சின்னது. முகத்தை மாற்றினாலும் "இது இன்னாருடைய மகள்" என்று மூன்று வீட்டுக்குள் தெரிந்துவிடும்.

கதைப்பித்தன்

தடுப்பூசிக்கார ஐயாவின் குஞ்சு விவரத்தை வாசித்த பிறகு, பேச வேண்டிய தேவை எல்லா இடத்திலும் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முழுதாக இறங்கி வரவில்லை. ஒரு பிள்ளை ஆட்டோடு பேசலாம்தானே? தனியாக நிற்கிறபோது நாம் எல்லோரும் மிருகத்தோடு பேசுகிறோம். ஆடு பதில் சொல்லாது, அசை போட்டுக்கொண்டு நிற்கும். அதற்காவது இடம் வையுங்கள். ஒரு குரலும் இல்லாத கதை எனக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது.

வாவிக்கரை

கதைப்பித்தன் அண்ணா, அது மிக நல்லது. நாலு பேரில் ஒருத்தி வகுப்பில் வாயே திறக்காதவள். அவள் கொட்டிலில் மட்டும் பேசுவாள் என்று வைக்கிறேன். அவளுடைய வீட்டுக் கதை அந்த வழியாக வெளியே வரலாம்.

ராத்தா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். கேட்டேன். இரண்டு பேர் சம்மதம், ஒருத்தி தன்னைப் போட வேண்டாம் என்றாள், அவளை எடுத்துவிட்டேன். கதையில் வருகிற நாலு பேரும் கலந்து செய்த ஆட்கள். டீச்சருடைய முகத்தை வரையவே போவதில்லை. கை, சேலைத் தலைப்பு, குரல் மட்டும்தான். பாடசாலையின் பெயரோ சீருடைக் கழுத்துப்பட்டியோ வராது.

சாவு வரும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கடலில் போன நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் அடித்த குளிர்காற்று எல்லோருக்கும் நினைவிருக்கும். ஓரிரு நாளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் செத்தன. செய்தியில் அது ஓர் எண்ணாக வந்து போனது. எங்கள் கொட்டிலிலும் ஒன்று போனது. உயர்தரப் பரீட்சைக்குச் சில கிழமைகள்தான் இருந்தன, ஒருவருக்கும் புத்தகத்தைத் திறக்க மனம் வரவில்லை.

அதை வரைவதற்காகத்தான் இந்தக் கதையே. ஆனால் அழுகிற முகங்களை வரைய மாட்டேன். கொட்டிலில் ஒரு பதிவுப் புத்தகம் இருந்தது. தீன் எவ்வளவு, குடற்புழு மருந்து எப்போது கொடுத்தது, எந்த ஆடு எப்போது குட்டி போட வேண்டும் எல்லாம் அதில் எழுதுவோம். ஆட்டுக்குச் சினைக்காலம் 150 நாள், அதை வைத்து முன்கூட்டியே திகதி குறித்து வைப்போம். செத்த ஆட்டுக்கும் அப்படிக் குறித்த ஒரு திகதி இருந்தது. அந்தப் பக்கத்தை யார் எழுதி மூடுவது என்று பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்ப்பதை வரையப் போகிறேன். அடுத்த கட்டத்தில் மிச்ச ஆடுகள் குழைக்காகக் கத்துகின்றன. கட்டாமல் இருக்க முடியாது, ஒருத்தன் எழும்பிப் போய்க் கட்டுகிறான்.

ஏன் செத்தது என்று சொல்லாமல் விடக் கூடாது என்று ராத்தா சொன்னது மிகச் சரி. ஐயா, காரணத்தைப் பிள்ளைகளுக்கு விளங்குகிற மாதிரி எப்படிச் சொல்வது?

பழைய தடுப்பூசிக்காரர்

குளிர் மட்டும் காரணமில்லை மகள். நம் மாடும் ஆடும் வெயிலுக்குப் பழகினவை. மழையில் ரோமம் நனைந்து தோலோடு ஒட்டினால் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. அதற்கு மேல் காற்று அடித்தால் சூடு இன்னும் வேகமாகப் போகும். தின்று கொழுத்த மிருகம் உடம்பில் இருப்பதை எரித்துக் கொஞ்சம் தாங்கும். மெலிந்ததும் குட்டியும் சினையும்தான் முதலில் விழும். அசை போடுகிற மிருகத்துக்கு வயிற்றுக்குள் தீன் நொதிப்பதிலும் வெப்பம் வரும். அதனால் அப்படியான இரவில் வைக்கோலை நிறையப் போட வேண்டும், காற்று வருகிற பக்கத்தைப் படங்கால் மறைக்க வேண்டும், கீழே காய்ந்த படுக்கை வேண்டும். இந்த மூன்றையும் பிள்ளைகள் செய்வதாக வரை. வாசிக்கிற ஒரு வீட்டில் அடுத்த மாரிக்கு ஒரு படங்கு கட்டினால் உன் கதை வேலை செய்துவிட்டது.

படுவான்கரையான்

ஐயா சொன்னது உண்மை. கொட்டிலில் நின்றதுகள் தப்பின, வெளியில் பட்டியில் நின்றதுகள் போயின. எங்கள் பக்கம் பெரும்போக வேளாண்மை தொடங்கினால் மாட்டை வயலில் விட முடியாது, தூரத்து மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போக வேண்டும். கூரை இல்லாத வெளி. மயிலத்தமடு, மாதவனைப் பக்கத்துப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பரில் தொடங்கிச் சித்தாண்டியில் எத்தனை நாள் போராட்டமாகக் குந்தியிருந்தார்கள் என்று பார்த்தோம். இரண்டாம் பாகத்தில் உங்கள் நாலு பிள்ளைகளில் ஒருவனுக்கு இப்படி ஒரு வீடு இருக்கட்டும். பாடசாலைக் கொட்டிலில் ஓர் ஆட்டுக்குப் பேர் வைத்து வளர்க்கிறவன், வீட்டுக்குப் போனால் பேர் இல்லாத நூறு மாட்டைச் சாய்க்கிறான். அவன் மற்ற மூன்று பேரைப் போல அழ மாட்டான், அதற்காக அவனுக்கு வலிக்கவில்லை என்று இல்லை.

மாடு வரைந்தால் ஒரு விசயம் கவனம். எங்கள் மாடுகளுக்குக் குறி சுட்டிருக்கும். போட்டோவைப் பார்த்து வரையும்போது அந்தக் குறியை அப்படியே போட்டுவிடாதீர்கள். எங்கள் பகுதியில் குறியைப் பார்த்தே யாருடைய மாடு என்று சொல்லிவிடுவார்கள். மனிதரின் முகத்தை மறைத்துவிட்டு மாட்டின் குறியை விட்டால் மறைத்ததில் பயனில்லை. ஒரு குறியை நீங்களே உண்டாக்குங்கள். நான் பார்த்து, அது யாருடையதாவது இருக்கிறதா என்று சொல்கிறேன்.

வாவிக்கரை

அண்ணா, குறியைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மாதிரி வரைந்து அனுப்புகிறேன். அந்தப் பையனுடைய வீடு இரண்டாம் பாகத்துக்கு நிச்சயம். மாடு சாய்க்கும் நாளில் ஒரு தடவை உங்களோடு வர முடியுமா? போட்டோ எடுக்க மாட்டேன், இருந்து வரையத்தான்.

படுவான்கரையான்

வாங்கோ. விடிய நாலு மணிக்கு நிற்க வேண்டும். அம்மாவிடம் சொல்லி வைக்கிறேன், முதல் நாளே வீட்டில் வந்து தங்கலாம்.

கோடும்புள்ளியும்

வரையத் தொடங்கு முன்னமே ஒன்று செய்யுங்கள். எழுத்தையும் குமிழியையும் படத்தோடு ஒட்டிவிடாமல் தனி அடுக்கில் வையுங்கள். அம்பாறையில் சிங்களம் வாசிக்கிற பிள்ளைகளும் இதே பாடம் படிக்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் மாடு இருக்கிறது. பிறகு மொழி மாற்றுவதென்றால் எழுத்தை மட்டும் மாற்றினால் போதும். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் நசுங்கி எழுத்து மங்கிவிடும். முதல் பகுதி முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், எழுத்துப் போடும் வேலையை நான் செய்து தருகிறேன்.

சம்மாந்துறை ராத்தா

சிங்களத்துக்கு என் தம்பி செய்து தருவான், அம்பாறை டவுனில்தான் வேலை செய்கிறான். நான் கேட்டு வைக்கிறேன்.